இரைப்பையின் கடைவாசல்: பேரனுக்கும் தாத்தாவுக்கும் வந்தது ஒரே நோயா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 63 வயது அப்பாவுக்கு மூன்று மாதமாகச் சாப்பிட்டது செரிக்காமல் வாந்தி, எடையும் குறைகிறது. எண்டோஸ்கோப்பி அறிக்கையில் "பைலோரஸ் உருக்குலைந்து சுருங்கியிருக்கிறது, கருவியை அப்பால் செலுத்த முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். போன வருடம் அக்காவின் ஐந்து வாரக் கைக்குழந்தைக்கும் பைலோரஸில் அடைப்பு என்று சொல்லித்தான் ஆபரேஷன் நடந்தது. இது குடும்ப நோயா? அப்பாவுக்கும் அதே ஆபரேஷன் போதுமா?

இரண்டுக்கும் பதில் "இல்லை". கோளாறு வந்த இடம்தான் ஒன்று, வந்த காரணம் வேறு. குழந்தைக்கு அந்த இடத்தில் தசை தடித்துப்போயிருந்தது. உங்கள் அப்பாவுக்கு அங்கே என்ன ஆகியிருக்கிறது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. அறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். அடைப்பு இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, எதனால் என்று சொல்லவில்லை. என் பதிலில் பாதிக்கு மேல் இந்த "எதனால்" பற்றித்தான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பைலோரஸ் என்றால் கிரேக்கத்தில் வாயிற்காவலன். இரைப்பையின் கீழ்ப்பகுதி குறுகிக்கொண்டே போய், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு கால்வாயாகி, முன்சிறுகுடலில் திறக்கிறது. அந்தக் கால்வாயைச் சுற்றி இருக்கும் தசை வளையம்தான் காவலன்.

திறந்து மூடும் கதவு என்பதைவிட சல்லடை என்று நினைத்துக்கொள்வது பொருத்தம். இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று வீதம் அலைகள் கிளம்பி வாசலை நோக்கி வரும். அலை நெருங்கும்போது வாசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். கூழாக இருப்பது கொஞ்சம் கசிந்து அந்தப் பக்கம் போகும், கட்டியாக இருப்பது முட்டித் திரும்பும். இப்படி முட்டி முட்டி அரைபட்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளான பிறகுதான் உள்ளே விடும். வெறும் தண்ணீர் குடித்தால் இருபது நிமிடத்துக்குள் பாதி கடந்துவிடும். திட உணவு முழுக்க வெளியேற நாலு மணி நேரம்வரை ஆகும். கொழுப்பு அதிகமென்றால் முன்சிறுகுடலிலிருந்து ஹார்மோன் வழியாகச் சேதி வந்து, வாசல் இன்னும் இறுக்கமாகும். எவ்வளவு அரைத்தும் கரையாத நாரும் விதையும் வயிறு காலியாகும்வரை காத்திருக்கும். அதன்பின் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பெரிய துப்புரவு அலை, வாசல் நன்றாகத் திறக்கும் நேரமாகப் பார்த்து அவற்றைப் பெருக்கித் தள்ளிவிடும். விழுங்கிய நாணயம் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடுவதற்கும் இந்த அலைதான் காரணம். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பொருள் என்றால் பெரியவர்களுக்கே வாசலைத் தாண்டுவது கடினம்.

இந்த அமைப்பிலிருந்து நோயறிய இரண்டு துப்பு கிடைக்கிறது. பித்தநீர் வந்து கலக்கும் இடம் வாசலுக்கு அப்பால், முன்சிறுகுடலில். ஆகவே வாசல் அடைத்திருந்தால் வாந்தியில் பித்தம் இருக்காது, அதாவது பச்சையோ கடும் மஞ்சளோ இருக்காது. இன்னொன்று, உணவின் வயது. மதியம் சாப்பிட்டது நள்ளிரவில் உருத்தெரிய வெளியே வந்தால், அது பத்து மணி நேரமாக அங்கேயே கிடந்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் நான் கேட்பது இந்த இரண்டையும்தான்: என்ன நிறம், எப்போது சாப்பிட்டது?

சரி, குழந்தைக்கு வருவோம்.

பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பால் குடித்தது. அப்புறம் கக்க ஆரம்பித்தது. எல்லாக் குழந்தையும் கக்கும், கடைவாயில் வழியும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இது நாளுக்கு நாள் வேகம் கூடி, ஒரு கட்டத்தில் பீய்ச்சியடிக்கும். மடியைத் தாண்டித் தரையில் போய் விழும். வருவது பால் அல்லது திரிந்த பால், பச்சை நிறம் இருக்காது. இந்த நோயின் முத்திரை அடுத்த நிமிடத்தில் தெரியும்: அவ்வளவையும் வாந்தியெடுத்த குழந்தை சுருண்டு படுக்காது, மறுபடி பாலுக்கு வாயைத் திறந்துகொண்டு அழும். கிருமித் தொற்றால் வாந்தியெடுக்கும் குழந்தைக்குப் பசி இருக்காது, இதற்கோ பசி அடங்காது. உள்ளே எதுவும் போய்ச் சேரவில்லையே.

இதில் நடப்பது, வாசலைச் சுற்றியுள்ள தசை வளையம் வளர்ந்து தடித்து, நடுவிலுள்ள பாதை ஓர் இழையளவுக்குச் சுருங்கிவிடுவது. பிறக்கும்போதே இருக்கும் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பிறந்த பிறகு சில வாரங்களில் உருவாவது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வெளிப்படும். ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளைவிட நாலைந்து மடங்கு அதிகம், அதிலும் தலைச்சன் குழந்தைக்குக் கூடுதல். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த குழந்தைகளுக்கும், புட்டிப்பால் குடிப்பவர்களுக்கும் இது அதிகம் காணப்படுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. தாய்க்குக் குழந்தைப் பருவத்தில் இது இருந்திருந்தால், பிறக்கும் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்பது பழைய குடும்ப ஆய்வுகளின் கணக்கு. உங்கள் அக்காவுக்கு அடுத்த குழந்தை பிறந்தால், முதல் இரண்டு மாதம் இதை மனதில் வைத்திருப்பது நல்லது. ஆனால் இந்தப் பரம்பரைக் கணக்கு குழந்தை நோயோடு முடிந்துவிடுகிறது, தாத்தாவின் நோய்க்கு அதில் இடமில்லை.

கையால் கண்டுபிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது, இப்போது அதற்குப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சம் வயிற்றில் சாய்வாக விழும்படி உட்கார வேண்டும். சில நிமிடத்தில் இடது விலாவுக்கடியில் ஒரு மேடு எழும்பி, மெதுவாக வலது பக்கம் நகர்ந்து, அடங்கும். பின்னாலேயே இன்னொன்று. இரைப்பை பூட்டிய வாசலை மோதுவதைத் தோலுக்கு வெளியே பார்க்கிறீர்கள். குழந்தை வாந்தியெடுத்து வயிறு தளர்ந்த அந்த நேரத்தில் தொப்புளுக்கு மேலே, சற்று வலப்பக்கமாக விரல் நுனியை வைத்து அழுத்தினால், ஒரு சிறு கொட்டை விரலுக்கடியில் வழுக்கும். அது கையில் பட்டுவிட்டால் சந்தேகமே இல்லை. இப்போது அல்ட்ராசவுண்ட் அந்த வேலையை எளிதாக்கிவிட்டது. தசையின் தடிமன் 3 மில்லிமீட்டரையும் கால்வாயின் நீளம் 15 மில்லிமீட்டரையும் தாண்டி, பாலும் கடக்காமல் நின்றால் நோய் உறுதி.

உங்கள் அக்கா அப்போது ஒரு விஷயத்தில் பதறியிருப்பார் என்று நினைக்கிறேன். நோய் தெரிந்த பிறகும் டாக்டர்கள் ஒன்றிரண்டு நாள் டிரிப்ஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். அதை அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தை வாந்தியில் இழப்பது நீரோடு சேர்த்து வயிற்று அமிலத்தையும். அமிலம் போகப் போக ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், குளோரைடும் பொட்டாசியமும் இறங்கும். முதலில் சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சமாளிக்கும். நீர் மேலும் வற்றினால் அதற்குச் சோடியத்தைக் காப்பாற்றுவதே பெரிய கவலையாகி, அதற்கு ஈடாக அமிலத்தை வெளியே விட ஆரம்பித்துவிடும். ரத்தம் காரம், சிறுநீர் அமிலம் என்ற வினோத நிலை இப்படித்தான் வருகிறது. காரமான ரத்தம் மூச்சுவிடும் தூண்டுதலை மந்தப்படுத்தும், அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் முடிந்ததும் குழந்தையின் மூச்சு நின்று நின்று வரலாம். அதனால் முதலில் உப்பும் நீரும் சரியாக வேண்டும், கத்தி அப்புறம். இது மருத்துவ அவசரம், அறுவை அவசரம் அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்வோம்.

அறுவை சிகிச்சையே ஒரு தோல்வியிலிருந்து பிறந்ததுதான். 1888இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். அதற்குப் பிறகும் பல வருடம் அறுவை செய்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1911இல் ஜெர்மனியில் கான்ராட் ராம்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் தடித்த தசையை நீளவாக்கில் கீறி, அதைக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்தப் பார்த்தார். தசை விறைப்பாக இருந்ததால் தையல் அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கீறியதை அப்படியே திறந்து விட்டார். குழந்தை சில நாள் வாந்தியெடுத்து, பிறகு தேறிவிட்டது. அப்படியானால் தையலே தேவையில்லையே என்று அடுத்த குழந்தைக்குத் தைக்காமலே விட்டார். இன்றுவரை நடப்பது அதே ஆபரேஷன்தான், சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் சரி. தசையை மட்டும் பிளக்க வேண்டும், உள்ளே இருக்கும் சவ்வுத்தோல் கிழியக் கூடாது. சில மணி நேரத்தில் பால் கொடுக்கலாம், முதல் ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் கக்கினால் பயப்பட வேண்டாம். பிளந்த தசை பிறகு இயல்பான அளவுக்கு இறங்கிவிடும். பெரியவனானபின் எந்தப் பத்தியமும் கிடையாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கைக்குழந்தையின் வாந்தி பச்சையாக இருந்தால் இங்கே நான் எழுதியது எதுவும் பொருந்தாது. பித்தம் வருகிறது என்றால் அடைப்பு வாசலுக்குக் கீழே. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அப்பாவின் விஷயம் இதைவிட நிதானமாகப் பேச வேண்டியது.

பெரியவர்களுக்கு அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். பிறகு உப்புசம், நாற்றமடிக்கும் ஏப்பம். அப்புறம் மாலையில் அல்லது இரவில் ஒரு பெரிய வாந்தி, அதில் காலையில் சாப்பிட்டதுகூடத் தெரியும், வாந்தியெடுத்ததும் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்காகச் சிலர் தாங்களே விரலை விட்டு வாந்தியெடுக்கப் பழகிவிடுவார்கள். நோயாளி இதை "அஜீரணம்" என்பார், வீட்டில் "வயசாகிவிட்டது" என்பார்கள், மூன்று மாதம் போய்விடும். எடை குறைந்த பிறகுதான் கவனிப்பார்கள்.

இதற்கும் ஒரு பழைய பரிசோதனை உண்டு, பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சாப்பிட்டு நாலு மணி நேரமாவது ஆன பிறகு நோயாளியைப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டு, இடுப்பின் இரு பக்கமும் பிடித்து லேசாகக் குலுக்க வேண்டும். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி நடக்கும்போது வருமே, அதே சலக்சலக் சத்தம். சில பேருக்கு ஸ்டெதாஸ்கோப்கூட வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். உடனே தண்ணீர் குடித்துவிட்டு வந்து குலுக்கினால் எல்லோருக்கும்தான் கேட்கும், ஆகவே வீட்டில் செய்து பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காரணத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பெரியவர்களின் வாசல் அடைப்பு என்றாலே அல்சர்தான். வாசலிலோ அதற்குச் சற்று அப்பாலோ புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பு சுருங்கி இடமே கோணிப்போகும். "உருக்குலைந்த பைலோரஸ்" என்று அறிக்கையில் குறிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட தழும்பைத்தான். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அல்சருக்குப் பின்னால் இருக்கும் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாள் மறந்து விட்டுவைத்த தட்டில்தான் அது முதன்முதலில் முளைத்தது என்பது உண்மைக் கதை. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அதன் பெயரிலேயே நம் வாசல் இருக்கிறது. அந்தக் கிருமியை ஒழிக்கும் மருந்துகளும், அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும் வந்த பிறகு அல்சர் அடைப்பு வெகுவாகக் குறைந்தது. அதனால் பெரியவர்களின் அடைப்பில் இன்று முதலில் சந்தேகப்பட வேண்டியது புற்றுநோயை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வருவது, அல்லது பக்கத்திலிருக்கும் கணையத்தின் தலையில் வந்து வெளியிலிருந்து அழுத்துவது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. 63 வயது, எடைக் குறைவு, மூன்று மாதக் கதை. இந்த மூன்றும் சேரும்போது "தழும்புதான், விடுங்கள்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பயாப்சி, அதாவது சோதனைக்குச் சிறு சதைத்துண்டு, எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், சுருங்கிய இடத்துக்கு அப்பால் கருவி போகவில்லை என்றால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். இரைப்பைச் சுவரின் ஆழத்தில் பரவும் புற்றுநோய் வகையில் மேலோட்டமாக எடுத்த துண்டு ஏமாற்றிவிடும். ஆகவே வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி, அல்லது எண்டோஸ்கோப் வழியாகவே உள்ளேயிருந்து செய்யும் அல்ட்ராசவுண்ட் என்று அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மற்ற காரணங்களும் உண்டு, டாக்டர் கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. மூட்டுவலிக்கென்று வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டிருக்கலாம். எப்போதோ அமிலம் குடித்திருக்கலாம். அமிலம் உணவுக்குழாயை வேகமாகக் கடந்து இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தேங்கும், சில வாரம் கழித்து அங்கே தழும்பாகிச் சுருங்கும், அதற்குள் ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். காசநோய், குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் கிரோன் நோய், நாள்பட்ட கணைய அழற்சி, செரிக்காத நார் திரண்டு உருவான உருண்டை, பித்தப்பையிலிருந்து துளைத்துக்கொண்டு வந்து சிக்கிய கல் என்று பட்டியல் நீளும். கடைசியாகச் சொன்னதற்கு 1896இல் எழுதிய பூவ்ரே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரே நிலைத்துவிட்டது. பரீட்சையில் கேட்பார்கள், வாழ்நாளில் ஓரிரண்டு பார்த்தால் அதிகம்.

சிகிச்சையில் பலர் புரிந்துகொள்ளாத ஒரு விஷயம் இருக்கிறது. அல்சர் அடைப்பில் தழும்பு ஒரு பங்குதான், புண்ணைச் சுற்றிய வீக்கமும் தசைப்பிடிப்பும் மீதிப் பங்கு. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்து, டிரிப்ஸில் நீரும் உப்பும் ஈடுகட்டி, அமிலத்தை மருந்தால் அடக்கி, சில நாள் ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடிந்து வாசல் திறந்துகொள்வது உண்டு. அப்படித் திறந்தவர்களுக்குக் கிருமி சிகிச்சையும் வலி மாத்திரையை நிறுத்துவதுமே போதுமானதாகலாம். திறக்காமல் போனால் பலூன்: எண்டோஸ்கோப் வழியாகச் சுருங்கிய பலூனைக் கொண்டுபோய், வாசலில் வைத்து ஊதி விரிப்பது. ஒரே நாளில் பெரிதாக விரித்தால் ஓட்டை விழும், பல தவணையாகச் சுமார் 15 மில்லிமீட்டர்வரை கொண்டுபோவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை. குழந்தைக்குச் செய்த கீறல் இங்கே உதவாது. அங்கே வளர்ந்தது நல்ல தசை, பிளந்தால் விலகிக் கொடுக்கும். இங்கே இருப்பது தழும்போ கட்டியோ, பிளந்தால் விலகாது.

புற்றுநோய் என்றால் முதல் கேள்வி, முழுவதும் எடுத்துவிட முடியுமா என்பது. 1881 ஜனவரியில் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், அடைத்திருந்த கட்டியோடு வாசலையே வெட்டியெடுத்துவிட்டு மீதியை இணைத்தார். அந்த நோயாளி ஆபரேஷனைத் தாண்டினார், ஆனால் நோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் சுமார் நாலு மாதத்தில் இறந்தார். அதே வருடம் அவருடைய உதவியாளர் வோல்ஃப்லர், எடுக்க முடியாத ஒரு கட்டியைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தார்: இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைத்துவிட்டார். இன்றும் இந்த இரண்டு பாதைகள்தான் அடிப்படை. எடுக்க முடியாதபோது ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வாசலில் வைக்கலாம், ஒன்றிரண்டு நாளில் வாய்வழி சாப்பிடலாம், ஆனால் சில மாதத்தில் மறுபடி அடைக்கும். மாற்றுப்பாதை கொஞ்சம் பெரிய வேலை, நீடித்து நிற்கும். ஒருவருக்கு எவ்வளவு காலம் எதிர்பார்க்கலாம், உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தே இதைத் தீர்மானிப்பார்கள். இப்போது வெளியே கீறாமல், எண்டோஸ்கோப்பிலேயே அல்ட்ராசவுண்ட் உதவியோடு அந்த இணைப்பைச் செய்யவும் முடிகிறது.

அடைப்பே இல்லாமல் இதே தொல்லைகள் எல்லாம் வருவதும் உண்டு. இரைப்பையே சோம்பிப்போவது. நாள்பட்ட சர்க்கரை நோயில் நரம்பு பழுதாகி வரும். ஓபியம் வகை வலி மருந்துகளாலும், எடை குறைக்கப் போடும் செமாக்ளூட்டைடு போன்ற ஊசிகளாலும் மந்தமாகும். எண்டோஸ்கோப்பியில் வாசல் திறந்தே தெரியும், ஆனால் உணவு நகராது. கதிரியக்கம் சேர்த்த உணவைக் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கியிருந்தால் உறுதி செய்வார்கள். இரைப்பையைத் தூண்டும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு மருந்துகள் வேலை செய்வது இவர்களுக்குத்தான். நிஜ அடைப்பில் அவை பூட்டிய கதவை இன்னும் பலமாக இடிக்கச் சொல்லும், வலிதான் மிச்சம். உங்கள் அப்பா வாந்திக்கென்று இந்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புவரை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். திட உணவைக் கட்டாயப்படுத்த வேண்டாம், நார் மிகுந்ததும் கொழுப்பு மிகுந்ததும் வேண்டவே வேண்டாம். சத்துள்ள திரவத்தைச் சிறிது சிறிதாக, உட்கார்ந்த நிலையில் குடிக்கட்டும். திரவமும் நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது, கைவிரல்கள் இழுத்துப் பிடிக்கின்றன, வாந்தியில் ரத்தமோ காப்பிப்பொடி போன்ற துகளோ வருகிறது, நடை தள்ளாடிப் பேச்சு குழம்புகிறது என்றால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். கடைசியாகச் சொன்ன குழப்பம் பல வார வாந்தியால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோவதால் வரலாம். அதற்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் ஊசி போட வேண்டும், இல்லையென்றால் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஆகும். வாந்தி எத்தனை வாரமாக இருக்கிறது என்பதை அவசரப் பிரிவில் உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள்.

போகும்போது எண்டோஸ்கோப்பி அறிக்கையோடு, இந்த ஒரு வாரம் எப்போது என்ன சாப்பிட்டார், எப்போது வாந்தியெடுத்தார், அதில் எந்த வேளைச் சாப்பாடு இருந்தது, என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை அட்டை உட்பட. பயாப்சி முடிவு வந்ததும் அதில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பினால், அடுத்த படி என்ன என்று பார்க்கலாம்.